செட்டிநாடு பளிச்

என் மகள் ஸ்வேதா என்னை ஒரு கம்பெனியாக மாற்றுவது என்று முடிவெடுத்த அன்று நான் கொல்லையில் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு வீட்டுப் பித்தளைக் கைப்பிடிகளைத் தேய்க்க வேண்டியிருந்தது. எதிரே வந்து நின்றவள், "அம்மா, உனக்கு ஒரு பிராண்டு இல்லம்மா" என்றாள். உடம்பில் ரத்தம் இல்லை என்று டாக்டரம்மா சொல்வதுபோல அவ்வளவு கவலையாகச் சொன்னாள்.

எனக்கு இல்லாதது எவ்வளவோ. வலிக்காத முழங்கால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆக்கிய சோற்றைச் சூடாகச் சாப்பிடக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் பிராண்டு இல்லையே என்று நான் ஒரு நாளும் ஏங்கியதில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியைச் சுற்றி ஊருக்கு ஊர் பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், சிங்கப்பூரில் இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று ஏதாவது வந்தால்தான் ஊர்ப் பக்கம் தலை காட்டுவார்கள். அவர்கள் வருவதற்குள் அந்த வீட்டை மனுஷர் இருக்கிற வீடாக மாற்றிக் கொடுப்பது என் வேலை. ஒட்டடை அடிக்க வேண்டும், வவ்வாலை விரட்ட வேண்டும், அது போட்டுவைத்த எச்சத்தைச் சுரண்ட வேண்டும், ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரையை முகம் தெரிகிற மாதிரி துடைக்க வேண்டும். முத்துமாரியும் இன்னும் சில பெண்களும் என்னோடு வருவார்கள். என் வீட்டுக்காரர் மருது குட்டியானை வண்டி ஓட்டுகிறார். ஏணி, வாளி, துடைப்பம், நாங்கள், எல்லாம் அதில்தான் போய் இறங்குவோம்.

விசேஷம் இல்லாத மாதங்களிலும் ஒரு தடவை போய்க் கதவைத் திறந்து, காற்று விட்டு, குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வருவேன். அதற்காக வீட்டுச் சாவிகள் என்னிடம் இருக்கும். எங்கள் உள்ளறைச் சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டியிருக்கிறேன். இந்தச் சாவிகள்தான் என் தொழில். ஒரு ஆச்சி இன்னொரு ஆச்சியிடம், "அவகிட்டச் சாவியக் குடுக்கலாம்" என்று சொல்லுவார். அந்த வார்த்தையில்தான் எனக்கு அடுத்த வீடு வரும். அதே மாதிரி, ஒரு வீட்டுச் சாவி கையை விட்டுப் போய்விட்டது என்று தெரிந்தால் போதும், மற்றவர்கள் ஏன் எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஸ்வேதா பி.காம். முடித்துவிட்டு, அதற்கு மேல் போனிலேயே ஏதோ மார்க்கெட்டிங் படிப்பும் படித்தாள். படித்ததை யார் மேலாவது போட்டுப் பார்க்க வேண்டும் இல்லையா? கைக்கு வாட்டமாக நான் இருந்தேன்.

"பிராண்டுன்னா என்னடி?" என்றேன்.

"உன்ன நினைச்ச ஒடனே அவுக மனசுல ஒண்ணு தோணணும்மா."

"என்னை நினைச்சா அவுகளுக்கு வவ்வாலு தோணும். அது போதாதா?"

போதாதாம். எங்கள் வேலைக்கு அவள் 'செட்டிநாடு பளிச்' என்று பெயர் வைத்தாள். செக்காலை ரோட்டில் ஒரு கடையில் கொடுத்து பிளக்ஸ் அடித்து வாசலில் கட்டினாள். ஒரு தூண், அதன் பக்கத்தில் மின்னுகிற நட்சத்திரம், கீழே 'பாரம்பரிய இல்லப் பராமரிப்பு'. நான் மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்தேன். போன் நம்பர் இருந்தது. இன்ஸ்டாகிராம் இருந்தது.

"ஏன்டி, எம் பேரு எங்கடி?"

"ஒம் பேரப் போட்டா அது ஒன்னோடயே நின்னுரும்மா. பொதுவா ஒரு பேரு இருந்தாத்தான் நாளைக்கு மதுரை, கோயமுத்தூருன்னு விரிக்க முடியும்."

"நான் எங்கயும் விரிக்கலடி. எனக்குப் பாய விரிச்சுப் படுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஆனால் உண்மையைச் சொன்னால் மனதுக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. இத்தனை வருஷமாக அந்த வீடுகளில் நான் 'வீடு தொடைக்கிற பொம்பள'. எந்த வீட்டிலும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. என் சொந்த வீட்டு வாசலிலாவது பெயர் வந்திருக்கலாம். அதையும் இவள் சேர்த்துத் துடைத்துவிட்டாள்.

பிளக்ஸ் கட்டின மறுநாளே எதிர்த் தெருப் பெண் கிண்ணத்தோடு வந்து, "சோப்புத் தூளு சில்லறையாத் தருவீகளா?" என்று கேட்டாள். நான் ஸ்வேதாவைப் பார்த்தேன். "ரீச் ஆகுதும்மா" என்றாள் அவள்.

அடுத்து சட்டை வந்தது. நாங்கள் வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஆம்பிளைகளின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வோம். பொத்தானைக் கழற்றினால் முடிந்தது. இவள் எல்லோருக்கும் மஞ்சள் டீசர்ட் வாங்கிவந்தாள், முதுகில் நட்சத்திரத்தோடு. தலைவழியாகப் போட வேண்டும், தலைவழியாகக் கழற்ற வேண்டும். முத்துமாரி பாதியில் மாட்டிக்கொண்டு, கொண்டையும் பூவும் சட்டைக்குள் சிக்கி, "இழுங்கடி, மூச்சு முட்டுது" என்று கத்தியதை அந்தத் தெருவே கேட்டது. வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள், "அக்கா, ஒட்டடைக்கு நான் வாரேன். இந்தச் சட்டைக்கு வேற ஆளப் பாருங்க."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். தலைவலி வலையபட்டி வீட்டில் ஆரம்பித்தது.

அது சிகப்பி ஆச்சி வீடு. ஆச்சி என்றதும் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். நகரத்தார் வீட்டுப் பெண்களை நாங்கள் எல்லா வயதிலும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். சிகப்பி ஆச்சிக்கு ஐம்பது சொச்சம்தான் இருக்கும். சென்னையில் இருக்கிறார், காரை அவரே ஓட்டுவார். அவர் மகளுக்கு அந்த வீட்டில் கல்யாணம். என்னிடம் இருக்கிற சாவிகளில் பெரியது அவர் வீட்டு வாசல் சாவிதான். அதை அவர் கொடுத்த பிறகுதான் மற்ற வீடுகள் எனக்கு வந்தன.

அந்தச் சாவியில் ஒரு சங்கதி உண்டு. அந்த வீடு ஆச்சி ஒருத்தருடையது அல்ல, பங்காளிகள் எல்லாருக்கும் பொது. நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையும் ஒரு பங்காளி குடும்பத்துடையது, அவரவர் பூட்டு, அவரவர் சாவி. ஆனால் வாசல் சாவி மட்டும் ஆச்சி பொறுப்பு. அதை அவர் என்னிடம் கொடுத்துவைத்திருப்பது அவருடைய சிநேகிதிகளுக்குத் தெரியும், மற்றப் பங்காளிகளுக்குத் தெரியாது. ஆச்சியே சென்னையிலிருந்து வந்து வந்து பார்த்துக்கொள்கிறார் என்று அவர்கள் எண்ணம். ஆச்சியும் அதைத் திருத்தவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணத்துக்காக எல்லா அறையையும் சுத்தம் செய்யச் சொன்னார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஆச்சியின் ஓரகத்தி உமையாள் ஆச்சி தன் அறையின் மாற்றுச் சாவியை ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். வருஷக்கணக்காகத் திறக்காத அறை. கதவைத் தள்ளியதும் உள்ளேயிருந்து வந்த காற்றில் முத்துமாரி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஜன்னல் மேலே கண்ணாடி உடைந்து, அதன் வழியாக வவ்வால்கள் குடும்பத்தோடு குடியேறியிருந்தன. தரை தெரியவில்லை. கட்டில் தெரியவில்லை. அன்று எங்களுக்கு ஒத்தாசையாக ஸ்வேதாவும் வந்திருந்தாள். "போட்டோ எதுவும் எடுக்காத" என்று நான் சொல்லவில்லை. கூட வருகிற பெண்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், உள்ளே எதைப் பார்த்தாலும் வாசலைத் தாண்டியதும் மறந்துவிட வேண்டும் என்று. பெற்ற மகளிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

அந்த ஒரு அறைக்கே நாள் முழுக்கப் போனது. சாயங்காலம் பார்த்தால் பச்சையும் சிவப்புமாகத் தரையில் பூக்கள் மலர்ந்து கிடந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. ஸ்வேதா கதவருகே நின்று போனில் ஒரு படம் எடுத்தாள். காலையிலும் அதே இடத்தில் நின்று ஒன்று எடுத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது ஓடிவந்தாள். "அம்மா! வைரல்!"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் வவ்வால் எச்சமும் ஒட்டடையும். இன்னொன்றில் தரைப் பூ. மேலே 'முன்', 'பின்'. கீழே 'வலையபட்டி அரண்மனை வீடு. எங்கள் கை பட்டால் பளிச்!' என்று எழுதியிருந்தாள்.

தோசை கருகியது. நான் திருப்பவில்லை.

"யாரக் கேட்டுடி போட்ட?"

"வீட்டுக்காரங்க பேரப் போடலம்மா. ஆளே தெரியாது. வெறும் ரூமுதானே?"

வெறும் ரூமாம். அவள் படித்த படிப்பில் அது ரூம். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது ஒரு குடும்பம். படத்தின் ஓரத்தில் விழுந்திருந்த அறைக் கதவில் இரண்டு மரக்கிளிகள் செதுக்கியிருக்கும், அதில் ஒரு கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். அந்தக் கிளியைப் பார்த்ததும் அந்தப் பங்காளிகளில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், இது உமையாள் ஆச்சி அறை என்று. கல்யாணத்துக்கு நாலு பேர் வருவதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்கிறோமே, எதற்கு? பூட்டிக் கிடந்த கோலம் யார் கண்ணிலும் படக் கூடாது என்பதற்குத்தான். நாங்கள் விற்பதே அந்த 'பின்' ஒன்றைத்தான். இவள் 'முன்'னையும் சேர்த்து ஊருக்குக் காட்டிவிட்டாள்.

"எடுடி அத" என்று கத்தினேன். எடுத்தாள். அதற்குள் அது பங்காளிகளின் வாட்சப் குரூப்பில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆச்சியிடமிருந்து போன் வந்தது. ஆச்சி எப்போதும் கத்த மாட்டார். அன்றும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாத்தேன்" என்றார். "உமையா வீட்டுல கல்யாணத்துக்கு வரலன்னு சொல்லிட்டாக. நான் வேணும்னே அவுகள அசிங்கப்படுத்த ஆள வச்சுப் படம் போட்டேனாம். அதோட, போனும் கையுமா அன்னிய ஆள உள்ள விட்டது யாருன்னு எல்லாரும் என்னயத்தான் கேக்குறாக. நான் நேர்ல வாரேன்."

பங்காளி வராத கல்யாணம் என்றால் அந்த வீட்டில் அது கல்யாணமே இல்லை. வரப்போகிற சம்பந்தி வீட்டார் முதலில் கேட்கிற கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்வேதாவைத் திட்டித் தீர்த்தேன். அவளும் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "நான் சரி பண்ணிடுறேம்மா. இதுக்குன்னு ஒரு முறை இருக்கு" என்றாள். அந்த நிமிஷமே அந்தப் போனைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை.

அவள் ஒரு மன்னிப்புப் போட்டாள். தூண், நட்சத்திரம் எல்லாம் வைத்து அழகாக. 'வலையபட்டி இல்லத்தின் கிளிக் கதவு அறை உரிமையாளரான சிங்கப்பூர் உமையாள் ஆச்சி அவர்களிடம், அவர்களது அறையின் வவ்வால் எச்சத்தைப் பொதுவெளியில் காட்டியதற்காக மனமார மன்னிப்புக் கோருகிறோம். உங்கள் நம்பிக்கையே எங்கள் பளிச்!'

முந்தைய படத்தைப் பார்த்துப் பங்காளிகளுக்கு மட்டும்தான் யார் அறை என்று தெரிந்திருந்தது. இதைப் பார்த்து உலகத்துக்கே தெரிந்தது. "தப்பு செஞ்சா ஒத்துக்கணும்மா, அதுதான் பிராண்டுக்கு மரியாத" என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தலையில்தான் அடித்துக்கொண்டேன்.

ஆச்சி வந்தார். காரை நிறுத்திவிட்டு இறங்கியவர், வாசலில் பிளக்ஸை ஒரு தடவை படித்தார். அவர் வீட்டு நிலைப்படிக்கு மேலே, பாட்டன் பூட்டன் பெயர்களின் முதலெழுத்தாக, நாலே எழுத்து விலாசம் இருக்கும். அந்த நாலு எழுத்தைச் சொன்னால் பினாங்கு வரைக்கும் யார் வீடு என்று தெரியும். அதற்கு நட்சத்திரம் எதுவும் கிடையாது. உள்ளே வந்தவர் நான் போட்ட நாற்காலியில் உட்காரவில்லை.

"சாவி" என்றார்.

நான் ஆணியிலிருந்து எடுத்தேன். அதற்கு எண்ணெய் போட்டு நூல் சுற்றி வைத்திருந்தேன். அப்படியே அவர் கையில் வைத்தேன்.

"ஆச்சி, தப்பு எங்க மேலதான். நான் வேணா அவுக கால்ல விழுந்து..."

"நீ யாரு கால்லயும் விழ வேணாம். நீ யாருன்னே அங்க யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். "கல்யாணத்துக்கு இனிமே வேற ஆளப் புடிக்க நேரமில்ல. மிச்ச வேலைய முடி. கல்யாணத்தன்னைக்கும் தொடைக்க, பெருக்க ஆளு வேணும், வந்து நில்லு. அந்த மஞ்சச் சட்டை வேணாம். பின்வாசல் வழியா வா. யாரு கேட்டாலும் கூலிக்கு வந்த ஆளுன்னு சொல்லு. கல்யாணம் முடிஞ்சதும் நமக்குள்ள ஒண்ணுமில்ல."

அவர் கார் தெரு முனை திரும்புவதற்குள் அவர் போனுக்கு எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ் போயிருக்கிறது. 'எங்கள் சேவை எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரம் தாருங்கள்!' ஸ்வேதா எப்போதோ தானாகப் போகிற மாதிரி செய்துவைத்திருந்தாளாம். நிறுத்த மறந்துவிட்டாளாம். அன்றைக்கு நான் அவள் போனை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். கல்யாணம் முடிகிற வரை கொடுக்கவில்லை.

சாவி போன செய்தி எங்களுக்கு முன்னால் கிளம்பிவிட்டது. கோவிலூர்ப் பக்கத்து வீட்டு ஆச்சி போன் போட்டு, "சாவிய ஒரு பார்வை பாக்கணும், குடுத்துவிடு" என்றார். சாவியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? இன்னொருவர், "எங்க அண்ணன் வந்து வாங்கிக்குவாரு" என்றார். சுவரில் ஆணிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முத்துமாரி அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "இனிமே எங்க போறதுக்கா?" என்றாள். அவள் வீட்டு அடுப்பும் இந்த ஆணிகளை நம்பித்தான் எரிகிறது.

பெரியவர்கள் பலர் சிங்கப்பூருக்குப் பேசிப் பேசி, கடைசியில் உமையாள் ஆச்சி குடும்பம் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. வீடு நிறைய சனம். பந்தலில் மேளம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முற்றத்துத் தூண் ஓரமாகத் துணியும் கையுமாக நின்றேன். ஸ்வேதாவைப் பின்கட்டில் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு முன்னால் உட்கார வைத்திருந்தேன். மார்க்கெட்டிங் படித்த கை புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது.

உமையாள் ஆச்சி யாரிடமும் பேசவில்லை. உருளைப் பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே கிளிக் கதவுக்குப் போனார், பூட்டைத் திறந்தார், உள்ளே போனார். பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவர்கூட வெட்டுவதை விட்டுவிட்டு அந்தக் கதவையே பார்த்தார். சிகப்பி ஆச்சி புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

கொஞ்ச நேரம் கழித்து உமையாள் ஆச்சி கதவில் வந்து நின்றார். "இதச் சுத்தம் பண்ணினது யாரு?" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

சண்டை ஆரம்பமாகப் போகிறது என்று எல்லோரும் சிகப்பி ஆச்சியைப் பார்த்தார்கள். "யாரோ கூலியாளுக. காரைக்குடியில சொல்லி வரவச்சோம்" என்றார் ஆச்சி. "யாரோ, எவரோ. அதுக்கென்ன இப்ப? மொதல்ல காப்பி குடி."

யாரோ. எவரோ.

எனக்குச் சுருக்கென்றது. என் மகள் அடித்த பிளக்ஸிலும் என் பெயர் இல்லை. இந்த வீட்டிலும் என் பெயர் இல்லை. இரண்டுக்கும் நடுவில் வவ்வால் எச்சம் சுரண்டியது மட்டும் நான். திட்டு வாங்கும்போது மட்டும் ஆச்சிக்கு நான் யாரென்று தெரிந்தது. போகிற சாவியெல்லாம் போய்விட்டது. இனி வாயை மூடிக்கொண்டு எதைக் காப்பாற்றப் போகிறேன்? கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டேன்.

"யாரோ இல்ல ஆச்சி. நாந்தான்" என்றேன். "எம் பேரு பாண்டீஸ்வரி. கழனிவாசல்ல இருக்கேன். ஒங்க அறையத் தொடச்சதும் நாந்தான், அந்தப் படத்தப் போட்டது எம் மகதான். சிகப்பி ஆச்சிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பாத்தத வெளிய காட்டக் கூடாதுன்னு எம் மகளுக்கு நான் சொல்லி வைக்கல. வையிறதா இருந்தா என்னய வையிங்க."

சிகப்பி ஆச்சியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

உமையாள் ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வையிறதுக்கு நிறைய இருக்கு" என்றார். "அந்தப் படத்தப் பாத்து எங்க வீட்டுல ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கல. எம் மருமக வீட்டுக்காரங்க வரைக்கும் பாத்துட்டாக. போதாக்கொறைக்கு மன்னிப்புன்னு ஒண்ணு போட்டீக பாரு, அதுக்கே ஒன்னயப் போலீசுல குடுக்கலாம்."

"குடுங்க ஆச்சி. அந்த மன்னிப்புக்கு நானே குடுத்திருப்பேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உமையாள் ஆச்சி சிரிக்கவில்லை. "மொதப் படத்தப் பாத்து அழுதேன். ரெண்டாவது படத்த நம்பவே இல்ல. கம்ப்யூட்டர்ல பண்ணினதுன்னு நினைச்சேன். நான் கல்யாணமாகி வந்தப்பக்கூட இந்தத் தரை இப்படி இருந்ததில்ல" என்றவர் கதவைத் தடவினார். "கிளி மூக்க மட்டும் ஏன் இப்படியே விட்டே?"

"எங்க வேலை தொடைக்கிறது ஆச்சி. ஒட்டுறதுக்கு ஆசாரியக் கூப்புடணும்."

அவர் கைப்பையைத் திறந்து அறைச் சாவியை எடுத்தார். "நாங்க போனதும் இது மறுபடி வவ்வாலுக்குத்தான். மாசம் ஒருதரம் வந்து தொறந்து பாரு. ஜன்னலுக்குக் கண்ணாடி போடு. படம் எடுத்தா எனக்கு மட்டும் அனுப்பு." சாவியை என் கையில் வைத்துவிட்டார்.

அப்போது ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய பங்காளி தொண்டையைச் செருமினார். "அறைச் சாவியக் குடுத்துட்டே, சரி. வாசக் கதவ எப்படித் தொறந்து அவ உள்ள வருவா?"

எல்லாத் தலையும் சிகப்பி ஆச்சி பக்கம் திரும்பியது.

இந்த நேரத்தில் பின்கட்டிலிருந்து ஸ்வேதா வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். புளி வாசம் அடித்தது. "அம்மா, போனக் குடும்மா. ஒரே ஒரு போட்டோ" என்று காதில் கிசுகிசுத்தாள். இடுப்பிலிருந்த போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெற்றதற்கு என்னதான் செய்வது?

சிகப்பி ஆச்சி மெல்ல எழுந்து அறைக்குள் போனார். வரும்போது கையில் வாசல் சாவி இருந்தது. நான் சுற்றிய நூல் அப்படியே இருந்தது. அத்தனை பங்காளிகள் முன்னாலும் நடந்து வந்து, அதை என் கையில் அறைச் சாவியோடு சேர்த்து வைத்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் மறைத்ததைத் தன் கையாலேயே காட்டிக்கொடுக்கிறார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய சாவிக்கு அச்சாகப் பொருந்துகிற மாதிரி என் கை மடங்கியதைப் பார்த்தவர்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது?

ஆச்சி எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார், "பேரச் சொல்லிட்டேல்ல? இனி எது நடந்தாலும் அந்தப் பேரத்தான் கேப்பாக. தாங்குவியா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாடியிலிருந்து யாரோ ஒரு ஆச்சி, நான் முன்பின் பார்த்திராதவர், கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து முற்றமே அதிரக் கூப்பிட்டார்.

"பாண்டீஸ்வரி! ஏ பாண்டீஸ்வரி! இங்குட்டு மாடிக் குழாயில சொட்டுத் தண்ணி வரல. என்ன வேலை பாத்திருக்கே நீ?"

எரிச்சலாகத்தான் வந்தது. குழாயைத் திறந்து பார்ப்பதோடு சரி, ரிப்பேர் நாங்கள் பார்க்கிற வேலையே இல்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் என் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்ப்பதற்குள் இரண்டு சாவியையும் முந்தானையில் முடிந்துகொண்டு, "இந்தா வாரேன் ஆச்சி!" என்று மாடிப்படி ஏறினேன்.